கிராணி அம்மா படம்

ஆணி அடிக்கிற இடத்திலேயே தகராறு ஆரம்பித்துவிட்டது.

பராசக்தி அம்மா படத்தை ஹாலில்தான் மாட்ட வேண்டும் என்றார்கள் பாதிப் பேர். தையல் மெஷின் இருந்த அறையில்தான் என்றார்கள் மீதிப் பேர்.

எப்போதோ செத்துப்போன ஒருத்திக்காக இவர்கள் மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ரஜனி. பழைய பேப்பரில் சுற்றிய அந்தப் படம் அவள் மடியில்தான் இருந்தது. அவளுக்கு வயிறு எரிந்தது.

ரந்தாவுக்குப் பக்கத்து எஸ்டேட்டில் மிஞ்சி நிற்பது, கணக்கெழுதும் கிராணிக்குக் கொடுத்திருந்த இந்த வீடு ஒன்றுதான். தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கரையான் தின்ற பலகையும் ஓட்டைத் தகரமுமாகக் கிடந்த வீட்டை, மம்பாவுக்கும் சிரம்பானுக்கும் குடிபோன பழைய எஸ்டேட் ஜனங்கள்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் கோத்தோங் ரோயோங் என்று கூடி வேலை செய்து தூக்கி நிறுத்தினார்கள். பூட்டி வைத்தால் மறுபடி கரையான்தான் குடிவரும். அதனால் அடுத்த வாரத்திலிருந்து இங்கே பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்தவும் ஏற்பாடு செய்திருந்தார்கள்.

ரஜனியும் சும்மா இருந்துவிடவில்லை. வாராவாரம் அத்தனை பேருக்கும் மீ கோரேங் நூடுல்ஸ் கிண்டிக் கொண்டுவந்தது அவள்தான். வயிறு முட்டத் தின்றுவிட்டுக் கை கழுவும்போதும் அவர்கள் பேச்சு பராசக்தியைப் பற்றித்தான்.

பராசக்தி அம்மா இந்த ஜன்னலில்தான் நிற்பார். பராசக்தி அம்மாதான் லயத்துப் பெண் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தார். பராசக்தி அம்மாவுக்குக் கோபம் வந்து ஒருவரும் பார்த்ததில்லை.

கோபமே வராதாம்! இவர்களுக்கு என்ன தெரியும்?

ரஜனியின் புருஷன் சிவசிதம்பரம்தான் இந்த எஸ்டேட்டின் பழைய கிராணி. எண்பது வயதில், ஊர் சொல்லும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு நின்றார். பராசக்தியோடு அவர் இந்த வீட்டில் குடித்தனம் நடத்தியது ஏழே வருஷம். காய்ச்சலில் அவள் போனதும் கெமாஸ் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அங்கேதான் ரஜனியைக் கட்டிக்கொண்டார். யாரைக் கட்டினார் என்று இங்கே ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நாற்பத்தாறு வருஷமாக அவருக்குச் சோறு போடுவது ரஜனி. மாத்திரை எடுத்துக் கொடுப்பது ரஜனி. ஆனால் இந்த வீட்டுப் படி ஏறினால் அவள் வெறும் 'புது அம்மா'. அறுபத்து நாலு வயதில் புது அம்மா!

இந்தப் படத்தை இத்தனை காலமும் தன் அலமாரியில், சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தாள். யார் கண்ணிலும் படக் கூடாது என்றுதான். போன மாதம் அவர் கேட்காமல் கொள்ளாமல் எடுத்துப் போய் ஸ்டூடியோவில் பெரிதாக்கக் கொடுத்துவிட்டார். பழைய படம் எங்கேயோ தவறிவிட்டது என்று ஸ்டூடியோக்காரன் கையை விரித்துவிட்டான். இனி இருப்பது இது ஒன்றுதான். சுற்றின பேப்பரைப் பிரித்துப் பார்க்கக்கூட அவளுக்கு மனம் வரவில்லை.

எப்படியாவது இதைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். காலையிலிருந்து அவளுக்கு அந்த ஒரே நினைப்புதான்.

"இஞ்ச தாரும், மாட்டுவம்," என்று சிவசிதம்பரம் கையை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

பராசக்தியிடம் தையல் படித்த லயத்துப் பெண்களில் ஒருத்தியான பஞ்சாலை சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"குடுங்கம்மா. உங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும், எங்களுக்குத் தெரியாதா? என்னா பண்றது லா, அவங்க எங்க அம்மா."

எங்க அம்மா. ரஜனிக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பஞ்சாலை படத்தை உருவிக்கொண்டாள்.

பேப்பரைக் கிழித்தார்கள். கல்யாணச் சேலையில் பராசக்தி தனியாக நின்றாள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். எல்லோருக்கும் சொந்தமாகிவிட்ட அந்த முகத்தை ரஜனி தள்ளி நின்று பார்த்தாள். தாங்க முடியவில்லை.

பஞ்சாலை மட்டும் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"என்னாங்கய்யா இது? அம்மா சேலையப் புடிச்சிக்கிட்டு ஒரு சின்னப்புள்ள கை மட்டும் தெரியுது?"

ஓரத்தில் நின்ற பிள்ளையை வெட்டிவிடச் சொன்னது சிவசிதம்பரம்தான். அம்மா மட்டும் இருந்தால் சுவருக்கு எடுப்பாக இருக்கும் என்று நினைத்தார். சேலையைக் கெட்டியாகப் பற்றியிருந்த விரல்களை மட்டும் ஸ்டூடியோக்காரனால் வெட்ட முடியவில்லை.

ரஜனி படத்தைப் பஞ்சாலையிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அது என்ர கை. இவ என்ர கூடப்பிறந்த அக்கா. கலியாணம் முடிச்சுக் கெமாசில இருந்து இஞ்ச வெளிக்கிட்ட அண்டைக்கு எடுத்த படம். ஒருத்தருக்கும் குடுக்க மாட்டன் எண்டு பிடிச்சுக்கொண்டு நிண்டனான்," என்றாள்.