நோயில்லாதவர் பட்டியல்

கடலோரக் கல்யாரி நகரில் எங்கள் ஆய்வகத்து ஜன்னல் வழியே உப்பளத்தின் வெள்ளை வெளிச்சம் மேசைமேல் கொட்டிக் கிடக்கிறது. குளிர்பெட்டி ஓயாமல் உறுமுகிறது. மூட்டுவாத ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர் ரத்தமும் வேண்டும் என்பதால், வழக்கம்போல் இங்கே வேலை செய்கிற நாங்களே கையை நீட்டியிருந்தோம். இப்போது டாக்டர் காவினோவின் விரல் திரையில் ஐந்து எழுத்துகளின் மேல் நிற்கிறது. ஒரு புரதச் சங்கிலியின் ஐந்து கண்ணிகள். நோயாளிகளிடம் அடிக்கடி தென்படுகிற அதே வரிசை, எங்களுக்கு ரத்தம் எடுத்து, தன்னுடையதையும் தந்த கிராட்சியெத்தாவிடமும் இருக்கிறது. அவள் அக்காவிடமும் அதுதான். அக்காவின் விரல்கள் கோணிப்போய்ப் பத்து வருடமாகிறது.

“பட்டியல்லேருந்து உங்களை எடுத்துடறேன், சிஞ்ஞோரா. முடிவு பளிச்சுன்னு வரும்,” என்கிறார் டாக்டர், பக்கத்தில் நிற்கும் கிராட்சியெத்தாவிடம்.

“எனக்கு அறுபத்தொரு வயசு. எந்த மூட்டு வலிக்குதாம், நீங்களே சொல்லுங்களேன்.”

“இன்னைக்கு வலிக்கல. நாளைக்கு…”

“நாளைக்கு வந்தா நாளைக்கு எழுதிக்குங்க. இது இருந்தும் நல்லா இருக்கறவளைத் தூக்கிட்டா, இருக்கற எல்லாருக்கும் வந்துரும்னுல்ல ஆகும்? அதைப் படிச்சுட்டு, தனக்கும் இது இருக்குமோன்னு நினைக்கற எங்க அக்கா பொண்ணு நிம்மதியா தூங்குவாளா?”

அவர் கரைசல் புட்டியை எடுத்து மூடியைத் திருகுகிறார். உப்புப் பூத்த மூடி அசைய மறுக்கிறது. கிராட்சியெத்தா புட்டியை வாங்குகிறாள். இரண்டே விரலால் திருகித் திறந்து, மூடியை அவருடைய விசைப்பலகையில், அழிக்கும் பொத்தானின் மேல் வைக்கிறாள்.