இன்ஸ்பெக்டரின் சிநேகிதருக்கு ஒரு கத்தி

பெரியகடைச் சந்தையில், சிமியோனின் இரும்புக்கடை மேசையில் ஒன்பது மடக்குக் கத்திகள் சாய்ந்த வெயிலில் மின்னுகின்றன. ஒன்பதும் வலக்கைக்காரருக்கானவை. தேடியெடுத்த பத்தாவதுதான் இடக்கைக்கானது. அதைப் பொலிஸ் இன்ஸ்பெக்டர் வல்லிபுரநாதர் வலக்கை நகத்தால் இழுத்து இழுத்துப் பார்க்கிறார். அலகு அசையவில்லை, நகந்தான் பிளக்கிறது. "இதுவும் சரியில்லை. எனக்கில்லை, இடக்கைக்காரச் சிநேகிதர் ஒருவருக்கு," என்று மூன்றாந்தரமும் சொல்கிறார். நாலுபேர் பார்க்க இடக்கையால் ஒன்றைச் செய்தால் உத்தியோகத்தின் மானமே போய்விடும் என்பது அவர் எண்ணம். சிமியோன் சிரிப்பை மறைக்க முகத்தை அழுத்தித் துடைக்கிறார். "ஐயா, நகம் வைக்கிற பள்ளம் மற்றப் பக்கம் இருக்கு. இடக்கையாலை இழுத்தாத்தான் திறக்கும். அந்தச் சிநேகிதரையே கூட்டிக்கொண்டு வாருங்கோவன்." "அவர் பெரிய மனிசன். கடைக்கு வரமாட்டார்." லாந்தர் வாங்க அரை மணித்தியாலமாகக் காத்துநிற்கும் அரியாலை வண்டிற்காரர் மார்க்கண்டு பொறுமையிழந்து முன்னே வருகிறார். "ஐயா, நேற்று இரவு ஆருமில்லாத தெருவிலை என்ரை வண்டிலிலை விளக்கில்லையெண்டு வழக்கு எழுதேக்கை உங்கடை இடக்கை கடகடவெண்டு ஓடினதே! உந்தக் கத்தியையும் அந்தக் கையாலை திறந்து பாருங்கோ. பொழுதுபட முன்னம் எனக்கு லாந்தர் வேணும். இல்லாட்டி இண்டைக்கும் எழுதிப்போடுவியள்."