நான்கு சதவீதம்

செண்பகவல்லி ஏறிய பஸ் உளுந்தூர்ப்பேட்டை தாண்டி, சாலையை மூடிய வெள்ளத்துக்கு முன்னால் மூன்று மணி நேரமாக நின்றுகொண்டிருந்தது. பஸ்ஸில் சார்ஜ் போட வழியில்லை. போனில் நான்கு சதவீதம்தான் மிச்சம். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலருகே நின்று, மதினி வீடியோ காலில் போனைப் பிடித்திருந்தாள். இன்றைய பொழுதைத் தாண்டமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஃபைவ் ஜி சார்ஜைக் குடிச்சிரும்மா. ஃபோர் ஜிக்கு மாத்துங்க, இன்னுங் கொஞ்சம் தாங்கும்" என்ற கண்டக்டர், அவரே வாங்கி மாற்றியும் கொடுத்தார்.

அப்பாவின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இப்படிக் கூடக் கொஞ்ச நேரம் பார்த்து என்ன ஆகப்போகிறது? அவள் ஃபைவ் ஜிக்கே திரும்பினாள். நரைத்த தாடியும் வெடித்த உதடும் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரிந்தன.

"எங்கட்டி வாரே?" என்றார் அப்பா.

"வாசலுக்கு வந்துட்டேம்ப்பா. செருப்பக் கழத்துதேன்."

அவர் முகம் தெளிந்தது. போனிலிருந்து கண்ணை எடுத்து, வார்டு வாசல் பக்கம் மெல்லத் தலையைத் திருப்பினார். திரை அணைந்தது.

கண்டக்டர் தன் போனை நீட்டினார். "நம்பரச் சொல்லுங்கம்மா."

மதினி நம்பர், அண்ணன் நம்பர் எல்லாம் அணைந்த போனுக்குள் இருந்தன. அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அப்பாவின் நம்பர் ஒன்றுதான். அதைச் சொன்னாள்.