பீடு நிலம்

குந்தாரப்பள்ளியைத் தாண்டிய பொட்டலில் மாலை வெயில் பரவிக் கிடக்கிறது. மனை வாங்கக் கையெழுத்துப் போட வந்த காளியம்மாள், காரின் முன்பக்கத்தில் விரித்து வைத்த பத்திரத்தைப் படித்துத் தயங்குகிறாள். திருநெல்வேலிக்காரி, ஓசூர்க் கம்பெனியில் பத்து வருஷமாக உழைக்கிறவள். "இதென்ன, பீடு நிலம்னு போட்டிருக்கு?" "பீடுன்னா பெருமைதானேக்கா. ராசியான இடம்." தரகர் மொபைலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறார். அவளுக்கு அது உறுத்துகிறது. ஆடுகளை ஓட்டிக்கொண்டு வரும் உள்ளூர்க்காரி ஜைபாவை நிறுத்திக் கேட்கிறாள். "பீடா? இந்தப் பக்கம் தெலுங்குக்காரங்க, நாங்க எல்லாரும் தரிசைத்தான் அப்படிச் சொல்லுவோம். இது ஊர் ஆடுமாடு மேயறதுக்கு விட்ட அரசாங்க நிலமாச்சே! இதை யாருங்க விக்கறது?" ஆடுகள் காரைச் சுற்றிக்கொண்டு மேய்கின்றன. காளியம்மாள் பேனாவை மூடிப் பத்திரத்தின் மேல் வைக்கிறாள். தரகர் சிரித்தபடியே ஜைபாவிடம் திரும்புகிறார். "உன் வீடு எந்தத் தெரும்மா?"