கொன்ஸ்ரன்ஸ் அன்ரியின் ஒரே பாட்டு

மூன்றாம் கிழமையும் கொன்ஸ்ரன்ஸ் அன்ரி வெறுங்கையோடுதான் வந்தார்.

"கீபோட் எங்க அன்ரி?" கதவைத் திறந்தபடியே கேட்டான் கிளறன்ஸ்.

"கப்பல்ல வருது மகன். கொஞ்சம் தண்ணி தா. கொட்டாஞ்சேனையில இருந்து ரெண்டு பஸ். ரெண்டையும் ஆமி மறிச்சு, ஆக்களை இறக்கி ஏத்தி... கால் விட்டுப்போச்சு."

உள்ளே அவன் மனைவி ஜெசிந்தா சட்டியைக் கொஞ்சம் பலமாகவே வைத்தாள்.

கல்யாண வீடுகளில் கீபோட் வாசிப்பதுதான் கிளறன்ஸின் பிழைப்பு. இருந்த பழசில் ஏழு கட்டைக்குச் சத்தம் செத்துவிட்டது. வெள்ளவத்தைக் கடையில் புதிசு ஒன்றுக்குச் சொன்ன விலைக்குச் சிங்கப்பூரில் இரண்டு வாங்கலாம். அன்ரி அடிக்கடி சிங்கப்பூர் போய் சேலையும் சென்ட் போத்தலும் கொண்டுவந்து விற்கிறவர். ஜெசிந்தாவின் இரண்டு தங்கக் காப்பும் கீபோட்டுக்காக அவரிடம்தான் போயின.

பாண்ட் மாஸ்டர் நாகேந்திரம் தவணையும் சொல்லிவிட்டார். "ஆவணி பிறக்க முதல் நல்ல கீபோட் வேணும் தம்பி. இல்லாட்டி வேற ஆளைப் பாக்கிறன். குறை நினையாதையும்."

ஆவணிக்கு இன்னும் எட்டு நாள்.

அன்ரி தண்ணீரைக் குடித்துவிட்டு, பழைய கீபோட்டின் முன்னால் போய் உட்கார்ந்தார். "சரி, தொடங்குவமா?"

சிங்கப்பூரால் வந்த மறுநாளே ஆரம்பித்த கூத்து இது. ஒரு மாதா பாட்டு, ஒன்றே ஒன்று, முழுசாகச் சொல்லித்தர வேண்டுமாம்.

"இந்த வயசிலயோ அன்ரி?" என்று கேட்டதற்கு, "ஏன், இந்த வயசில சாரி விக்கலாம், பாட்டு வாசிக்கக் கூடாதா?" என்றார்.

சூட்கேஸ் தூக்கித் தூக்கித் தடித்த விரல்கள். ஒன்றை அமத்தினால் இரண்டு கட்டை கீழே போனது. அன்றைக்கும் முப்பது தடவை பிழைத்தது. கிளறன்ஸுக்குக் கொட்டாவி வந்தது.

"என்ர காப்பு ரெண்டையும் விழுங்கிப்போட்டு, இனாமாப் பாட்டும் படிக்கினம்," குசினிக்குள்ளிருந்து ஜெசிந்தா. காதில் விழ வேண்டும் என்றே சொன்னாள்.

அன்ரியின் விரல்கள் நின்றன. பிறகு முதலிலிருந்து தொடங்கின.

"இந்த இடத்தில எந்த விரல் மகன்?"

"சுண்டு விரல்."

கிளறன்ஸ் மனைவியை அதட்டவில்லை. அவனுக்கும் அதே எண்ணம்தான். நேரே போய் நாலு இடத்தில் விசாரிக்கவும் வழியில்லை. போன மாதம் காலி வீதிச் சோதனைச்சாவடியில் மறித்து, அடையாள அட்டையில் பிறந்த இடம் கிளிநொச்சி என்று கண்டு, புலியோ என்ற சந்தேகத்தில் ஐந்து நாள் உள்ளே வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு சந்திக் கடைக்குப் போவதென்றாலும், ஜெசிந்தா முதலில் போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வருவாள்.

சனிக்கிழமை அன்ரி பாட்டை இரண்டு தரம் முழுசாக வாசித்தார்.

"பிழை இல்லையே?"

"இல்லை."

"உண்மையா?"

"ஓம் அன்ரி, ஓம்." அவனுக்கு அலுத்துவிட்டது.

அன்ரி கீபோட்டைச் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டு எழுந்து போனார்.

"பாட்டு முடிஞ்சுது. இனி இந்தப் பக்கம் தலை வச்சும் படுக்க மாட்டா," என்றாள் ஜெசிந்தா.

திங்கட்கிழமை பின்னேரம் வாசலில் ஒரு த்ரீவீலர் வந்து நின்றது. அன்ரியும் டிரைவருமாக ஒரு நீளப் பெட்டியை இழுத்து உள்ளே வைத்தார்கள்.

"கப்பல் ஒருமாதிரி வந்திட்டுதோ?" கிளறன்ஸின் குரலில் குத்தல் இன்னும் போகவில்லை.

"வந்திட்டு," என்று அன்ரி கதிரையில் சாய்ந்தார்.

பெட்டியில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. கட்டுநாயக்கா விமான நிலைய சீல், அன்றைய திகதி. கீழே ஆங்கிலத்தில் கையால் எழுதிய இரண்டு வரி. பயணியின் சொந்த வாத்தியம். வாசித்துக் காட்டியதால் வரியில்லாமல் விடப்படுகிறது.

கிளறன்ஸ் அதை இரண்டு தரம் வாசித்தான்.

"அன்ரி... இது கப்பல்ல வரேல்லையே."

"அண்டைக்கே என்னோட பிளேன்ல வந்ததுதான். கஸ்டம்ஸ்ல மறிச்சிட்டான். வரி கட்டினா இங்கத்தைக் கடை விலையே பரவாயில்ல. என்ட சொந்தச் சாமான், கோயில்ல வாசிக்கிறது எண்டு சொல்லிட்டன். அந்தக் கஸ்டம்ஸ் மாத்தயா சிரிச்சான். 'அப்ப ஒரு பாட்டு வாசிங்க நோனா, பாப்பம்' எண்டான். பெட்டி தூக்கி விரல் வீங்கிட்டு, மாறினாப் பிறகு வந்து வாசிக்கிறன் எண்டன். ஒரு மாசம் தந்தான்."

தேத்தண்ணி போடப் போன ஜெசிந்தா, கேத்திலோடு குசினி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இண்டைக்கு நல்லாப் பயந்திட்டன். உன்ட பழசில சத்தம் வராத கட்டையெல்லாம் இதில சத்தம் போடுது! நடுவில நிப்பாட்டப் பாத்தன். மாத்தயாவும் வேதக்காரன் போல. மெட்டுத் தெரிஞ்சு சிங்களத்தில கூடப் பாடினான். அதுலதான் தப்பினன்."

கிளறன்ஸ் துண்டில் இருந்து கண்ணை எடுத்தான்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை அன்ரி? என்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தா, மகன்தான் வாசிக்கிறவன் எண்டு சொல்லி, அஞ்சு நிமிசத்தில முடிச்சிருப்பமே. மூண்டு கிழமையா இவ்வளவு பேச்சும் கேட்டுக்கொண்டு..."

"சொன்னா நீ வெளிக்கிட்டிருப்பாய். அதுதான் சொல்லல்ல."

அன்ரி எழுந்து, வாசலில் செருப்பைத் தேடிக் காலை நுழைத்தார்.

"நீ போயிருந்தா கீபோட் வந்திருக்கும் மகன். நீ வந்திருக்க மாட்டாய்."