பச்சை விளக்கு

கோமளாவும் அவள் அக்கா தமயந்தியும் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டில் இருந்தார்கள். பத்து நாள் இடைவெளியில் ஆளுக்கொரு பிள்ளை பெற்றார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டுக்கும் கொலுசு கட்டி அனுப்பினார்கள். பின்னாளில் நடையைத் தள்ளாட வைக்கும் பரம்பரை நோயை, குழந்தை உதைக்கிற உதையிலேயே கண்டுகொள்ளும் கொலுசு.

அது கண்டதைக் கூடத்துச் சுவரில் விளக்கு காட்டியது. அக்கா மகள் நிறைமதிக்கு நோயில்லை என்று பச்சை எரிந்தது. கோமளாவின் மகன் முகிலனுக்கு நோய் உண்டு என்று மஞ்சள். ஆறு மாதத்துக்குள் தொடங்கினால்தான் பலிக்கும் என்று அவனுக்கு ஊசி போட ஆரம்பித்திருந்தார்கள்.

அந்தப் பச்சையைப் பார்க்கும்போதெல்லாம் கோமளாவுக்கு வயிறு எரிந்தது. அக்காவுக்கு மட்டும் எப்படி?

அன்று அக்கா குளிக்கப் போனதும் முகிலனின் கொலுசைக் கழற்றி எடுத்துக்கொண்டு நிறைமதியின் தொட்டிலுக்குப் போனாள். இந்தக் கால் உதைத்து என் பிள்ளை பெயருக்கு ஒரு நிமிடமாவது பச்சை எரியட்டும். அற்பத்தனம் என்று தெரிந்தேதான் செய்தாள்.

காலுறையை இறக்கினால் குழந்தைக்குக் கொலுசே இல்லை. கொண்டுவந்ததைக் கட்டினாள். குழந்தை நாலு உதை உதைத்தது. சுவரில் முகிலனின் விளக்கு அணைந்து, மறுபடி மஞ்சளாகவே எரிந்தது.

ஈரத்தலையோடு தமயந்தி வாசலில் நின்றாள். தூக்கிச் செருகிய நைட்டிக்குக் கீழே, அவள் கணுக்காலில், பட்டையை நீட்டிக் கட்டிய நிறைமதியின் கொலுசு.

"மொத நாளே மஞ்சள் எரிஞ்சுதுடி. பயத்துல நான் கட்டிக்கிட்டேன்," என்றாள். "நீ எல்லார் முன்னாடியும் அழுதியே, அதப் பாத்து எனக்கு எவ்வளவு பொறாமையா இருந்துச்சு தெரியுமா?"

கோமளா மண்டியிட்டு அக்காவின் காலிலிருந்து கொலுசைக் கழற்றினாள்.

நிறைமதிக்கு ஆறு மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது.