ஊதா நோட்டு

"இன்னாம்மா பண்ணி வச்சிருக்கீங்க?" நோட்டு வியாபாரி தலையில் அடித்துக்கொண்டார்.

வெளிநாட்டு நூற்றாண்டு நினைவுப் பண நோட்டு அது. இருபதாயிரம் விலை சொல்லி, "பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று நேற்று அவர் விட்டுப்போனது. இன்று அதன் நடுவில் சாயம் கலங்கியிருந்தது.

"ஈரத்துணியால தேய்ச்சேன்" என்றாள் உமைமா.

அவள் கணவன் தௌசீப் நோட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வெளிச்சத்துல புடிச்சா உள்ள முகம் தெரிஞ்சுது. சாய்ச்சா பாதுகாப்பு இழை பச்சையிலேருந்து நீலமா மாறுச்சு. நல்ல நோட்டுதான்னு எல்லாம் பார்த்தாச்சே, எதுக்குத் தேய்ச்சே?"

"இருபதாயிரத்தை எடுத்து வைங்க" என்றார் வியாபாரி.

உமைமா வெள்ளைத் துணியை விரித்தாள். நோட்டின் ஊதா நிறம் அதில் அப்பியிருந்தது.

"நல்ல நோட்டு பாக்கெட்டோட துவைச்சாலும் சாயம் விடாதுண்ணே. ஆம்பூர் ஷூ கம்பெனி லேப்ல தினமும் இதான் என் வேலை. தோலை ஈரத்துணியால தேய்ப்பேன், சாயம் ஒட்டுனா ரிஜெக்ட். இந்த ரிப்போர்ட்டை உங்ககிட்ட குடுக்கவா, போலீஸ்ல குடுக்கவா?"

வியாபாரி செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கி ஓடினார்.

வாசலில் கிடந்த செருப்பைக் குனிந்து தடவிப் பார்த்தாள் உமைமா.

"இதுவும் தோல் இல்லீங்க. ரெக்சின்."